ஆற்றுக்கு இறங்கும் வழி

அருவியாற்றின் கரையோரமாக மக்கள் மீளக் குடியமர்ந்த கிராமம் ஒன்றிலே, சில ஆண்டுகளுக்கு முன்னர், மாணவர் ஆறு பேர் பெரிய படம் ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டு விளக்கம் அளித்தார்கள். திட்டமிடல் பயிலும் பிள்ளைகள். தமது பயிற்சிக் காலத்தின் ஒரு பகுதியாக, எமது அழைப்பின் பேரில் வந்து மூன்று வாரம் தங்கி, ஆற்றங்கரையில் பொதுப் பூங்கா ஒன்றையும் ஆற்றுக்கு இறங்கும் துறை ஒன்றையும் வரைந்திருந்தார்கள். படம் அழகாகவே இருந்தது. மருத மரங்களின் கீழ் வாங்குகள், சிறுவருக்கு ஊஞ்சல், கல் பதித்த நடைபாதை, பாதையின் முடிவில் அகலமான படிக்கட்டு. எல்லோரும் கைதட்டினோம். பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் மெதுவாக எழுந்து, "பிள்ளையள், படம் நல்லாத்தான் இருக்கு. மாடு எதாலை தண்ணிக்கு இறங்கிறது?" என்று கேட்டார்.

பதில் இருக்கவில்லை. மாடுகள் வழமையாக இறங்கும் சரிவான இடத்திலேதான் படிக்கட்டு வரையப்பட்டிருந்தது.

மாணவர்களைக் குறைகூற எமக்கு வாய் வரவில்லை. அவர்களை அழைத்தவர்கள் நாம். ஓகஸ்ட் மாதத்தில் அழைத்தவர்களும் நாமே. ஆறு வெறும் மணலாய்க் கிடந்த காலம் அது. மூன்று வாரத்தில் ஓர் ஆற்றின் ஒரு முகத்தை மாத்திரமே காணமுடியும். தவிரவும், மாட்டைப் பற்றி நாமும் யோசித்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் பல ஆண்டுகள் வாழ்ந்து திரும்பிய குடும்பங்களிடமும், இன்னும் திரும்பக் காத்திருக்கும் குடும்பங்களிடமும் பலர் படங்களோடு வருகிறார்கள். அவர்களுள் மாணவர்களும் உளர். மாணவர் வருவது நல்லது. சம்பளம் கேட்கமாட்டார்கள், கேள்வி கேட்கக் கூச்சப்படமாட்டார்கள். ஆனால் அவர்களது உழைப்பு எமக்குப் பயன்படுவது எப்போது, வெறும் படமாய் முடிவது எப்போது என்று அறிந்துவைப்பது அவசியம். இதற்கு உதாரணமாக, தூரத்து நாடு ஒன்றிலே மாணவர்கள் உண்மையாகவே கட்டி முடித்த பூங்கா ஒன்றின் கதையை இங்கு சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

வைத்தியம் படிப்பவர் ஆஸ்பத்திரி வாட்டில் நோயாளியின் கட்டிலருகே நின்று பழகுகிறார். கட்டடக்கலை படிப்பவரோ பெரும்பாலும் கடதாசியில் கட்டி, கடதாசியிலேயே சித்தியெய்தி வெளியேறுகிறார். இந்தக் குறையை நீக்கவென ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தில், ஓபர்ன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களான சாமுவேல் மொக்பி, டி. கே. ரூத் என்னும் இருவரும் 1993 இல் ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். 'ரூரல் ஸ்ரூடியோ' என்பது அதன் பெயர். கிராமியப் பட்டறை என்று நாம் சொல்லலாம். மாணவர்கள் பல்கலைக்கழக வளாகத்தை விட்டு, ஹேல் என்னும் வறிய மாவட்டத்தில் தங்கவேண்டும். அங்குள்ள மக்களோடு பேசி, வீடுகளையும் பொதுக் கட்டடங்களையும் தாமே வரைந்து, தாமே கட்டவும் வேண்டும். மொக்பி 2001 டிசம்பரில் இரத்தப் புற்றுநோயினால் காலமானார். பணி நின்றுவிடவில்லை, இன்றும் தொடர்கிறது.

அந்தப் பிரதேசத்தைக் 'கறுப்பு வலயம்' என்பார்கள். முதலில் அதன் கரிய, வளமான மண்ணுக்காக வந்த பெயர் அது. பருத்தி விளையும் மண். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களைக் கொண்டு பெருந்தோட்டக்காரர் அங்கே பருத்தி விளைவித்தார்கள். 1865 இல் அடிமைமுறை ஒழிந்த பின்பும் நிலம் கைமாறவில்லை. விடுதலை பெற்றவர்களிற் பெரும்பாலானோர் அதே நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்தார்கள். வாரம் என்றால் என்ன, அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கும்போது கையில் என்ன மிஞ்சும் என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஹேல் மாவட்டத்துக்கு அடுத்தது பெரி மாவட்டம். அதன் தலைநகரான மரியனுக்கு அருகே, கஹாபா என்னும் ஆற்றின் ஓரத்தில், பெரி லேக்ஸ் என்ற பூங்கா இருக்கிறது. ஏரிகள் என்று பெயர் இருப்பினும் அவை பழைய ஆற்றின் துண்டுகளே. சமதரையில் ஓடும் ஆறு வளைந்து வளைந்து செல்லும். வளைவின் வெளிக்கரையை நீர் அரிக்கும். உட்கரையில் மணல் படியும். வளைவு மேன்மேலும் இறுகி, ஒரு பெருவெள்ளத்தின்போது ஆறு அதன் கழுத்தை அறுத்துக்கொண்டு நேரே ஓடிவிட்டால், பழைய வளைவு குளமாகத் தேங்கிவிடும். அவ்விதம் தோன்றியவை அந்த ஏரிகள்.

1930 களின் பொருளாதார மந்தகாலத்தில் உருவான பூங்கா அது. 1970 களில் மூடப்பட்டது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் காடு பற்றிக் கிடந்ததை 2002 இல் மீண்டும் திறந்தார்கள். அதற்கான வேலைகளில் மாணவர்களும் இறங்கினார்கள். எல்லாவற்றையும் ஒரே திட்டமாக வரையாமல், ஆண்டுக்கு ஒன்றாக, ஒவ்வொரு மாணவர் குழுவும் ஒவ்வொரு வேலையை எடுத்துக்கொண்டது. 2002 இல் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கிக் கூடியிருக்கத்தக்க திறந்த மண்டபம். 2003 இல் மலசலகூடங்கள். 2004 இல் பழைய ஆற்றைக் கடக்கும் பாலம். 2005 இல் பறவை பார்ப்பதற்கான கோபுரம், ஏறத்தாழ 100 அடி உயரம். காட்டுத்தீயைக் கண்காணிக்க ஒரு காலத்தில் கட்டி, பின் கைவிடப்பட்ட இரும்புக் கோபுரம் ஒன்றைத் தேடிப்பிடித்து, கழற்றிக் கொண்டுவந்து மீளப் பொருத்தியதே அது. பழைய இரும்பின் பெறுமதி தெரிந்த எம்மவர்கள் இதைக் கேட்டுப் புன்னகைப்பார்கள்.

இந்த ஒழுங்கைச் சற்றுக் கவனியுங்கள். முதலில் கூடியிருக்க ஒரு கூரை, அடுத்து மலசலகூடம், அதன் பின்னரே பாலமும் கோபுரமும். முதலாவது குழு கட்டியதை மக்கள் பயன்படுத்துவதைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது குழு வரையலாம். முதற்குழு விட்ட பிழையைப் பின்வரும் குழு திருத்தலாம். எமது நாட்டில் திட்டம் என்றால் திறப்பு விழாவுக்குரிய ஒரே நாளில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்று பணம் கொடுப்போர் எதிர்பார்க்கிறார்கள். நாமும் ரிபன் வெட்டப் பழகிவிட்டோம்.

மலசலகூடங்களைப் பற்றி ஒரு குருவானவர் இவ்வளவு எழுதலாமோ என்று சிலர் நினைக்கக்கூடும். எழுதவேண்டிய விடயம்தான் அது. அங்கே மூன்று கட்டினார்கள். ஒன்று உயரமானது, உள்ளே இருந்து மேலே பார்த்தால் வானம் தெரியும். மற்றொன்று நீளமானது, அதன் முடிவில் ஒரு மரம் தெரியும். மூன்றாவது, கழிவுநீரை வடியவிடும் மண்மேட்டோடு சேர்ந்தது. இந்த மேடுதான் எமக்கு முக்கியம். அந்த இடம் வெள்ளம் ஏறும் தாழ்நிலம். குழியிலிருந்து வெளியேறும் கழிவுநீர் வரண்ட மண்ணினூடாகச் சில அடி ஆழம் கசிந்து செல்லும்போதே கிருமிகள் குறைகின்றன. நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடத்தில் அந்த வரண்ட மண் கிடையாது. கழிவு நேரே கிணற்று நீரோடு கலந்துவிடும். ஆகவே நிலத்தைத் தோண்டுவதற்குப் பதிலாக மண்ணைக் கொண்டுவந்து மேடாக்கி, அந்த மேட்டுக்குள் கழிவுநீரைக் கசியவிடுகிறார்கள். நடந்துசெல்லும் பாதையையும் மரத்தால் உயர்த்தியே போட்டிருக்கிறார்கள். மாரியில் குழி நிரம்பி முற்றத்துக்கு வந்த அனுபவம் உள்ள குடும்பங்கள் இந்த முறையைப் பற்றித் தமது பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி என்பதையும், சுண்ணக்கல் நிலமாயின் அதற்கும் கூடுதலாக வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

மாணவர்கள் அங்கு தங்கியது வாரக்கணக்கில் அல்ல. இறுதி ஆண்டு முழுவதும் தங்கினார்கள். பட்டம் பெற்ற பின்பும் வேலை முடியாவிட்டால், ஊருக்குப் போகாமல் மாதக்கணக்கில் நின்று கட்டி முடித்தவர்கள் பலர். ஆற்றின் நான்கு பருவத்தையும் அவர்கள் கண்டார்கள். வெள்ளம் எந்த மட்டம்வரை ஏறும் என்று புத்தகத்தில் படிக்கவேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை. கால் நனைந்து அறிந்தார்கள்.

இனி ஆற்றுக்கு இறங்குவது என்ற விடயம். பூங்காவிலிருந்து காட்டினூடாக நடந்தால் கஹாபா ஆற்றின் பெரிய பரல்மணல் திட்டுக்குப் போகலாம். குடும்பங்கள் அங்கே கால் நனைக்கவும் மீன் பிடிக்கவும் வருகிறார்கள். இதில் என்ன பெரிய விடயம் என்று தோன்றலாம். அந்தப் பிரதேசத்தின் வரலாற்றை அறிந்தால் அப்படித் தோன்றாது. அலபாமாவின் தலைநகரான மொன்ட்கொமரியில், வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பூங்காவைப் பயன்படுத்தவேண்டும் என்ற நிலை நீதிமன்றத்தின் மூலம் வந்தபோது, நகரசபை 1959 ஜனவரி 1 ஆம் திகதி முதல் எல்லாப் பூங்காக்களையும் மூடிவிட்டது. எல்லோருக்கும் கொடுப்பதைவிட ஒருவருக்கும் கொடாதிருப்பது மேல் என்பது அவர்களது முடிவு. 1965 இல்தான் மீண்டும் திறந்தார்கள். நாம் மேலே கூறிய மரியன் நகரிலேதான் 1965 பெப்ரவரியில் வாக்குரிமை கேட்ட ஊர்வலத்தின்போது ஜிமி லீ ஜக்சன் என்ற இளைஞர் பொலிசாரின் சூட்டுக்கு இலக்காகி, சில நாட்களில் இறந்தார். அதன் தொடர்ச்சியாகவே செல்மாவிலிருந்து மொன்ட்கொமரிக்கு அந்தப் புகழ்பெற்ற நடைபயணம் நிகழ்ந்தது.

பெரி மாவட்டத்துக்குத் தெற்கே, வில்கொக்ஸ் மாவட்டத்தில், அலபாமா ஆற்றின் வளைவொன்றில் ஜீஸ் பெண்ட் என்னும் கறுப்பின விவசாயிகளின் கிராமம் உண்டு. மூன்று பக்கமும் ஆறு. அக்கரையில் கம்டன் நகரம்; கச்சேரியும் கடைகளும் அங்கேதான். இக்கரை மக்கள் பாதைப்படகில் ஏறிப் போய்வந்தார்கள். 1962 இல், அவர்கள் வாக்காளராகப் பதியவென்று கம்டனுக்குப் போகத் தொடங்கிய வேளையில், பாதைப்படகு நிறுத்தப்பட்டது. அதன் பின் கம்டனுக்குப் போக ஏறத்தாழ 40 மைல் சுற்றவேண்டியதாயிற்று. பின்னர் கீழ்ப்பகுதியில் கட்டப்பட்ட அணையினால் அவர்களது நல்ல விளைநிலங்களில் ஒரு பகுதியும் நீருள் மூழ்கியது. படகு திரும்ப ஓடியது 2006 இல். நாற்பத்துநான்கு ஆண்டுகள்! படகைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். ஆற்றை எவரும் அவர்களிடமிருந்து எடுத்துச் செல்லவில்லை. அதற்குப் போகும் வழியை மாத்திரமே எடுத்தார்கள்.

எம்மிடையேயும் கிணற்றடியிலும் துறையிலும் யார் முதலில், யார் எந்தப் பக்கத்தில் என்ற கொடுமை இருந்தது. பொதுக் கிணற்றைச் சாதியின் பேரால் மறுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் எமது நாட்டில் 1957 இல் வந்தது. சட்டம் வந்த பின்னும் கயிறும் வாளியும் தொடமுடியாது நின்றவர்களை எமது வாசகர்களிலே சிலர் நேரிற் கண்டிருப்பார்கள். சிலர் நின்றவர்களாகவே இருப்பார்கள். ஆகையால் ஒரு துறையை வரையும்போது, "யார் யார் இங்கு வருவார்கள்?" என்ற கேள்வியோடு "யார் இங்கு வரத் தயங்குவார்கள்?" என்றும் கேட்கும்படி மாணவர்களிடம் சொல்லுங்கள்.

பெண்கள் குளிக்கும் இடம் எங்கே, அங்கிருந்து பாதை எவ்வளவு தூரம்? உடுப்புத் தோய்க்கும் கல் எங்கே? அந்தியேட்டி முதலிய கிரியைகளுக்கு எமது இந்துச் சகோதரர்கள் எந்தக் கரையில் இறங்குவார்கள்? கோடையில் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுக்கும் இடம் எது? மாடு இறங்கும் வழி ஊற்றுக்கும் குளிக்கும் துறைக்கும் கீழ்ப்பக்கமாக, நீரோட்டம் போகும் திசையில் இருக்கவேண்டும். படிக்கட்டு வளைவின் வெளிக்கரையில் வேண்டாம். அங்கே ஆழம், அரிப்பும் அதிகம், இரண்டு மாரிக்குள் படி தொங்கும். உட்கரையில் மணல் படிந்த இடமே குழந்தைகளுக்கு ஏற்றது. பாதை அகலமாய் இருந்தால் அழகுதான். ஆனால் டிப்பர் இறங்கக்கூடிய அகலம் என்றால் முதலில் இறங்குவது டிப்பராகவே இருக்கும், மணலும் போய்விடும். பாதையின் வாயிலில் மாடும் மனிதரும் மாத்திரம் புகத்தக்க இடைவெளி விட்டுக் கல் நாட்டுவது கடினமான வேலை அல்ல. கண்ணிவெடி அகற்றி முடிந்ததென உறுதிப்படுத்தப்படாத கரைக்கு மாணவர்களைக் கூட்டிச் செல்லவே வேண்டாம்.

பராமரிப்பு யாருடையது என்பது எப்போதும் கடைசியில் வரும் கேள்வி. அதை முதலிலே கேட்கவேண்டும். ஹேல் மாவட்டத்தின் கிறீன்ஸ்பரோ நகரில் லயன்ஸ் பூங்கா என்று ஒன்று உண்டு. 2006 தொடக்கம் மாணவர் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே விளையாட்டு மைதானம், மலசலகூடம், பழைய பீப்பாக்களினால் அமைத்த சிறுவர் விளையாட்டிடம் என்று செய்தார்கள். பல தரப்பினருக்கும் பங்குள்ள இடம் அது. ஆகவே அவர்களை எல்லாம் ஒரு மேசையில் இருத்திப் பூங்காக் குழு ஒன்றை அமைக்கவேண்டியிருந்தது. அவ்வேலை கட்டடம் கட்டுவதைவிட இலகுவாக இருந்திருக்கும் என்று நாம் நினைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் வந்த மாணவர்களின் வேலை புதிதாக எதையும் எழுப்புவதல்ல. மழைநீர் வடியச் செய்வதும், புல் வெட்டும் செலவைக் குறைப்பதும். எமது பிரதேச சபைகளிடம் 1987 ஆம் ஆண்டின் சட்டப்படி பொதுவசதிகளைப் பேணும் பொறுப்பு உண்டு; புல் வெட்ட ஆள் உண்டா என்பது வேறு விடயம். எனவே வெட்டவேண்டிய புல்லே இல்லாமல் ஆடு மேயும் தரையாக விடும்படி மாணவர்களிடம் கேளுங்கள்.

இன்னும் ஊர் திரும்பாத குடும்பங்களுக்கு மாணவர்களால் ஆகக்கூடிய ஒரு பெரிய உதவி உண்டு. அதற்கு ஆற்றங்கரைக்குப் போகவேண்டியதில்லை. முகாமிலும் வாடகை வீட்டிலும் இருக்கும் முதியவர்களைச் சுற்றி அமரச் செய்து, ஊரின் படத்தை அவர்களது ஞாபகத்திலிருந்து வரைந்தெடுப்பது. ஒழுங்கைகள் எங்கே, வாய்க்கால் எங்கே, ஆற்றுக்குப் போன பாதை யாருடைய வேலியோரமாகச் சென்றது, அந்தத் துறைக்கு என்ன பெயர்? முப்பது வருடக் காட்டுக்குள் பாதை மறைந்துவிடும். திரும்பிப் போகும் பிள்ளைக்கு வளவின் எல்லை தெரிந்தாலும், ஆற்றுக்குப் போகும் வழி தெரியாது. தொடக்க நூலிலே ஈசாக்கு, தன் தந்தை ஆபிரகாமின் காலத்தில் வெட்டப்பட்டுப் பின் பிலிஸ்தியரால் மண்ணிட்டு மூடப்பட்ட கிணறுகளைத் திரும்பத் தோண்டுகிறார். தந்தை இட்டிருந்த பெயர்களையே மீண்டும் அவற்றுக்கு இடுகிறார். பெயரைச் சொல்லிக்கொடுக்க யாரோ ஒருவர் இருந்திருக்கிறார்.

அப்படி வரைந்த படத்தை மடித்துப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அரச காணியில் ஆறு, ஓடை, குளம் ஆகியவற்றின் ஓரத்தைப் பொது ஒதுக்கமாக வைத்திருக்க 1947 ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் ஒதுக்கத்துக்குப் போய்ச் சேரும் பாதை நில அளவைப் படத்தில் இல்லாவிட்டால், காணி துண்டு துண்டாகப் பகிரப்படும்போது அது ஒருவருடைய வேலிக்குள் போய்விடும். பிறகு கேட்டால் சண்டைதான் மிஞ்சும். ஆகவே காணிக்கச்சேரி நடப்பதற்கு முன்னரே, முதியவர்கள் கையொப்பமிட்ட பிரதி ஒன்றைக் கிராம அலுவலரிடமும் மற்றொன்றைப் பிரதேச செயலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் திகதியிட்ட கடிதம் வாங்குங்கள். மாணவர்கள் கணினியில் அழகாக வரைந்து தருவார்கள். அழகாக இருந்தால் கந்தோரில் சற்றுக் கூடுதல் நேரம் பார்ப்பார்கள். இது எமது அனுபவம்.

அருவியாற்றங்கரை மாணவர்களின் கதையைப் பாதியில் விட்டோம். அவர்களில் இருவர் அதே ஆண்டு டிசம்பரில், தம் சொந்தச் செலவில், பஸ் ஏறி வந்தார்கள். அவர்கள் வாங்குகளை வரைந்திருந்த இடத்தில் மருத மரங்களின் அடி தெரியவில்லை, தண்ணீர். கேள்வி கேட்ட முதியவர் அவர்களைக் கட்டோரமாகக் கூட்டிச் சென்று, எந்த மரத்தில் எந்த வருடத்து வெள்ளம் எவ்வளவு உயரத்தில் நின்றது என்று கையால் தொட்டுக் காட்டினார். அன்றிரவு எமது அறைவீட்டு மேசையில் அவர்கள் படத்தைத் திருத்தினார்கள். படிக்கட்டு மேற்பக்கமாக உட்கரைக்குப் போனது. பழைய சரிவு மாட்டுக்கே விடப்பட்டது. அடுத்த கோடையில் கிராமத்தவர் நான்கு ஞாயிறு சிரமதானம் செய்து, பற்றையை வெட்டி, சரிவுக்குக் கல் அடுக்கினார்கள். மாடு இறங்கும் வழி இப்போது இருக்கிறது. பூங்கா இன்னும் படத்தில்தான்.